ஊதா மஞ்சளாகும் குழாய்: மூலிகை வேதியியல் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வார்த்தையைச் சுற்றித்தான் இருந்தன: ஆன்டிஆக்ஸிடன்ட். தாவர வேதியியல் ஆய்வகத்தில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்த வருடங்களில் பெரும்பகுதி இலையையும் பட்டையையும் வேரையும் அரைத்துச் சாறு இறக்கி, இந்தக் குணம் அதில் எவ்வளவு என்று அளந்ததில்தான் போனது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எந்த மூலிகையைப் பற்றிப் படித்தாலும் “ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது” என்று போட்டிருக்கிறது. அது வைட்டமின் மாதிரி ஒரு சத்தா? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் அம்மா. (ஓர் இல்லத்தரசி)

பதில்: ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது ஒரு பொருளின் பெயர் கிடையாது, ஒரு வேலையின் பெயர். காவலாளி என்று சொன்னால் ஆள் யார் என்று தெரியாது, அவர் பார்க்கும் வேலை மட்டும் தெரியும் அல்லவா, அதுபோல. வைட்டமின் சி இந்த வேலையைச் செய்கிறது. கேரட்டின் பீட்டா கரோட்டின் செய்கிறது. கிராம்பின் யூஜெனாலும் தேயிலையின் கேட்டகினும் செய்கின்றன. ஒன்று தண்ணீரில் கரையும், இன்னொன்று எண்ணெயில் மட்டும் கரையும். ஒன்று சர்க்கரையின் உறவு, இன்னொன்று ஃபீனால் குடும்பம். செய்யும் வேலைதான் பொது.

அந்த வேலை என்னவென்று பார்க்க ஓர் ஆப்பிளை நறுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். இன்னொரு துண்டில் எலுமிச்சைச் சாறு தடவி வையுங்கள். அது நெடுநேரம் வெள்ளையாகவே இருக்கும். சாற்றின் புளிப்பு, பழத்திலுள்ள நொதியை மந்தப்படுத்துகிறது. சாற்றின் வைட்டமின் சி, மாறத் தொடங்கிய பொருளைப் பழைய நிலைக்கே திருப்புகிறது. அதற்காகத் தன்னைச் செலவழித்துக்கொள்கிறது. அது தீர்ந்ததும் எலுமிச்சை தடவிய துண்டும் பழுப்பாகிவிடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த முதல் துண்டில் பழுப்பானதே ஆப்பிளின் பாலிஃபீனால்கள்தான், அதாவது ஃபீனால் அமைப்பு பல சேர்ந்த பொருட்கள். அவையும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றே பெயர் வாங்கியவை!

இனி ஃப்ரீ ராடிக்கல். எலக்ட்ரான்கள் பொதுவாக ஜோடியாக இருப்பவை. ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறுதான் ஃப்ரீ ராடிக்கல். 1900ல் மோசஸ் கோம்பெர்க் என்ற வேதியியலாளர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக அப்படி ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டினார். இந்த ஒற்றை எலக்ட்ரான்காரர்கள் பக்கத்து மூலக்கூறிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்வார்கள். பறிகொடுத்தது ஒற்றையாகி, அடுத்ததிடம் பறிக்கும். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது இந்தச் சங்கிலியால்தான். ஃபீனால் குடும்பத்துப் பொருள் ஒன்று இடையில் வந்து தன் ஹைட்ரஜனைக் கொடுத்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். கொடுத்த பிறகு அதுவும் ஒற்றை எலக்ட்ரானோடுதான் நிற்கிறது. ஆனால் அந்த எலக்ட்ரானைத் தன் பென்சீன் வளையம் முழுக்கப் பரப்பி வைத்துக்கொள்வதால் யாரிடமும் பறிக்கப் போவதில்லை.

நம் உடம்பிலும் மூச்சு விடும் ஒவ்வொரு நொடியும் இந்த ராடிக்கல்கள் உண்டாகின்றன. எல்லாம் விபத்தும் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல இவற்றை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. மீதியைச் சமாளிக்க உடம்புக்குச் சொந்தமாக நொதிகள் உண்டு. 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டு சொன்ன சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் அதில் ஒன்று. மூலிகை, மாத்திரை என்று பேசுவதற்கு முன்னால் இந்தச் சொந்தக் காவல் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்பத் திரும்ப அது வரும்.

கேள்வி: மேடம், நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். என் இலைச் சாறு டி.பி.பி.எச். சோதனையில் அஸ்கார்பிக் அமிலத்தைவிடக் குறைந்த ஐ.சி. 50 காட்டுகிறது. “வைட்டமின் சியைவிட வீரியமான ஆன்டிஆக்ஸிடன்ட்” என்று கட்டுரையில் எழுதலாமா? (ஆய்வு மாணவர்)

பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே வரியை எழுதிவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்காக அந்தச் சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். டி.பி.பி.எச். என்பது பாட்டிலில் அடைத்து வைக்கக்கூடிய ஒரு ஃப்ரீ ராடிக்கல். மெத்தனால் என்ற கரைப்பானில் கரைத்தால் அடர்ந்த கத்தரிப்பூ நிறம். 1958ல் மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் இதை வைத்து ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்கலாம் என்று காட்டினார். சாற்றை விட்டு, குலுக்கி, இருட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சாற்றில் சரக்கு இருந்தால் ஊதா வெளுத்து, வைக்கோல் மஞ்சளாகிவிடும். நிறம் எவ்வளவு குறைந்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி சொல்லும். ராடிக்கலில் பாதியைத் தீர்க்க எவ்வளவு சாறு தேவையோ, அதுதான் ஐ.சி. 50. நூறு தடவை செய்த பிறகும் அந்த ஊதா கண்ணெதிரே மஞ்சளாவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. அந்த அழகுதான் நம்மை ஏமாற்றவும் செய்கிறது.

நான் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் கருஞ்சிவப்புப் பூவிதழ் ஒன்றின் சாற்றைச் சோதித்தேன். மூன்று வாரம் செய்தும் அளவீடு குறையவே இல்லை. சாற்றில் ஒன்றும் இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். என் வழிகாட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “சாற்றுக்கு மட்டும் தனியாக பிளாங்க் வைத்தாயா?” என்று கேட்டார். பிளாங்க் என்றால் ராடிக்கல் சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழாய். வைக்கவில்லை. அந்தச் சிவப்பு ஆந்தோசயனின், அதுவும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில்தான் ஒளியை விழுங்கும். ராடிக்கலின் ஊதா போன இடத்தில் பூவின் சிவப்பு நின்று கருவியைக் குழப்பியிருக்கிறது. திருத்திக் கணக்குப் போட்டால் அந்த வருடம் நாங்கள் சோதித்ததில் அதுதான் முதல் மூன்றுக்குள் வந்தது. நான் சந்தோஷத்தில், “அப்படியென்றால் இது நல்ல மருந்து” என்றேன். அவர், “எந்த உடம்பில் மெத்தனால் ஓடுகிறது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்கு உங்களிடம் கேட்கிறேன்.

டி.பி.பி.எச். மாதக்கணக்கில் பாட்டிலில் சும்மா இருக்கும். உடம்பில் உண்டாகும் ஹைட்ராக்ஸில் ராடிக்கலோ ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம்தான் உயிரோடிருக்கும். அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். அங்கே போய் உங்கள் சாறு குறுக்கே நிற்க வேண்டுமென்றால் அது செல்லுக்குள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நிரம்பியிருக்க வேண்டும். நடக்கிற காரியமா? அப்புறம், டி.பி.பி.எச். ராடிக்கலின் நடுப்பகுதியைச் சுற்றிப் பெரிய வளையங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. சிறிய மூலக்கூறு எளிதாக உள்ளே நுழையும், பெரியது திணறும். நீங்கள் அளப்பதில் வீரியத்தோடு உருவமும் கலந்திருக்கிறது.

அளவைப் பாருங்கள். உங்கள் ஐ.சி. 50 மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். குவெர்செட்டின் போன்ற ஒரு ஃபிளேவனாய்டு (பாலிஃபீனாலில் ஒரு வகை) உணவு வழியாக ரத்தத்துக்கு வந்து சேருவது பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலார் அளவுக்குள்தான். அதன் மூலக்கூறு எடை 302, ஆகவே அது மில்லிலிட்டருக்கு 0.3 மைக்ரோகிராம். ஐம்பதில் ஒரு பங்கு. அதுவும் வந்த உருவத்தில் வராது. குடல் சுவரும் கல்லீரலும் எந்த ஹைட்ராக்ஸில் முனை ஹைட்ரஜனைக் கொடுக்க வேண்டுமோ, பெரும்பாலும் அதன்மேலேயே குளூக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ ஒட்டி, வெளியேற்றத் தயாராக அனுப்பியிருக்கும். இன்னொரு பக்கம், நம் செல்களில் ஏற்கெனவே குளூட்டாதயோன் என்ற, உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் 1 முதல் 10 மில்லிமோலார் வரை இருக்கிறது. ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அந்தக் கூட்டத்தில் உங்கள் குவெர்செட்டின் தனியாகப் போய் எத்தனை ராடிக்கலைப் பிடிக்கும்?

அதனால், “இந்த நிலைமைகளில் டி.பி.பி.எச். ராடிக்கலை இவ்வளவு குறைத்தது” என்று மட்டும் எழுதுங்கள். அது முழு உண்மை, யாரும் மறுக்க முடியாது. அதோடு சாற்றில் இருப்பது எந்தப் பொருள் என்று, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பிரித்துக் காட்டுங்கள். மொத்த ஃபீனாலை நீல நிறத்தை வைத்து அளக்கும் ஃபோலின் சோதனையோடு மட்டும் நிற்காதீர்கள். அந்த நீலம் பாலிஃபீனாலுக்கு மட்டும் வராது, வைட்டமின் சிக்கும் வரும், சில சர்க்கரைகளுக்கும் வரும். அடுத்து செல் வளர்ப்பில் சோதிக்கப் போனால் ஒன்றை மறக்காதீர்கள்: காலிக் அமிலமும் தேயிலைக் கேட்டகின்களும் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் செத்தால் மூலிகை கொன்றது என்று நினைப்போம், கொன்றது பெராக்சைடாக இருக்கும். கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு தட்டைக் கூடவே வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

இலையின் மாதிரியைத் தாவரவியல் துறையில் உலர்த்தாளில் பதிந்து எண் வாங்கிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வாங்கியிருக்காவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். எந்தச் செடி என்பதே உறுதியாகாத கட்டுரையில் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

கேள்வி: பச்சை இலை, காய்ந்த இலை, பொடி. எதில் இந்தச் சத்து அதிகம் நிற்கும்? கொதிக்க வைத்தால் போய்விடுமா? (மூலிகைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்)

பதில்: எதில் என்பதைவிட எப்படிக் காய வைத்தீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். ஒரே செடியின் ஒரே நாள் இலையை இரண்டாகப் பிரித்து நாங்கள் ஒருமுறை பார்த்தோம். ஒரு பங்கை நிழலில், வலைத் தட்டில், இலைமேல் இலை படாமல் பரப்பினோம். ஐந்தாவது நாள் கையில் எடுத்தால் நொறுங்கியது, பச்சை அப்படியே இருந்தது. மற்றப் பங்கைக் குவியலாக விட்டுவிட்டோம். அது நடுவில் சூடேறி, கறுத்து, ஈர வாடை அடித்தது. ஃபோலின் சோதனையில் முதல் பங்கு மை நீலம், இரண்டாவது வெளிறிய நீலம். பாதிக்கும் கீழே போயிருந்தது.

காரணம் மேலே சொன்ன ஆப்பிள்தான். இலைக்குள் பாலிஃபீனால் ஓர் அறையிலும், அதைப் பழுப்பாக்கும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. இலை கசங்கினாலோ மெதுவாக வாடினாலோ சுவர் உடைந்து இரண்டும் கலந்துவிடும். நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். சீக்கிரம் ஈரத்தை எடுத்துவிட்டால் அது நின்றுவிடும். பச்சைத் தேயிலை தயாரிப்பவர்கள் பறித்ததும் ஆவியிலோ சூடான வாணலியிலோ காட்டி நொதியைக் கொன்றுவிடுகிறார்கள், கேட்டகின் அப்படியே நிற்கிறது. கறுப்புத் தேயிலைக்கு வேண்டுமென்றே இலையை உருட்டிக் கசக்குகிறார்கள், கேட்டகின்கள் தியாஃபிளேவின்களாக மாறிச் செந்நிறம் வருகிறது. ஒரே செடி, ஒரே இலை, கைவேலை மாறினால் வேறு வேறு வேதியியல்.

கொதிப்பது பற்றி: வைட்டமின் சி சூட்டில் குறையும். துவர்ப்பைத் தரும் டானின் போன்றவை பெரும்பாலும் தாங்கும், கொதிக்கக் கொதிக்க இன்னும் இறங்கும். துளசி, புதினா, ரோஸ்மேரி குடும்பத்தில் இருக்கும் ரோஸ்மேரினிக் அமிலம் வெந்நீரில் நன்றாகவே வரும். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, எண்ணெயிலோ ஆல்கஹாலிலோதான் இறங்கும். வெயில் பட்டால் அழியவும் செய்யும். பொடிக்கு மேற்பரப்பு அதிகம், அதனால் காற்றும் அதிகம் படும். முடிந்தவரை இலையாகவே இருட்டில், இறுக்கமாக மூடி வைத்து, தேவைப்படும்போது பொடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பார்த்த ஒரு டப்பாவில் “ஓ.ஆர்.ஏ.சி. மதிப்பு 25,000” என்று பெரிதாகப் போட்டிருந்தது. நம்பலாமா? (தனியார் நிறுவன ஊழியர்)

பதில்: எண் பொய் என்று சொல்ல மாட்டேன். உங்கள் உடம்புக்கு அது எதையும் சொல்லவில்லை என்பேன். ஓ.ஆர்.ஏ.சி. என்பதும், ஒரு பொருள் ராடிக்கலை எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்கும் சோதனைக்குழாய் அளவீடுதான். அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் உணவுகளுக்கு இந்த எண்களைத் தொகுத்து வெளியிட்டது. விளம்பரங்களில் தவறாகப் பயன்படுகிறது, உடம்பில் நடப்பதோடு பொருந்தவில்லை என்று சொல்லி 2012ல் அந்தப் பட்டியலைத் தானே நீக்கிவிட்டது.

ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004ல் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் ஏறியது. பாலிஃபீனால் வேலை என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில் அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள். பழத்தின் ஃப்ரக்டோஸ் சர்க்கரையால் ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறியிருந்தது, அந்த யூரிக் அமிலம்தான் அளவீட்டை உயர்த்தியிருக்கிறது. ரத்தத்திலேயே பார்த்தாலும் எண் இப்படி வேறு கதை சொல்லும்.

கேள்வி: உங்கள் பதில்களைத் தொடர்ந்து படிக்கிறேன். மூலிகைகளின் மேல் உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா? இவ்வளவு காலம் மக்கள் பயன்படுத்தியது எல்லாம் வீணா? வருத்தமாக இருக்கிறது. (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் 31 வருடம் இலையோடு உட்கார்ந்திருக்க மாட்டேன். ராடிக்கலை நேரடியாகப் பிடித்துத்தான் மூலிகை வேலை செய்கிறது என்ற விளக்கத்தைத்தான் நான் மறுக்கிறேன். மூலிகைப் பொருட்கள் உடம்பில் செய்யும் வேலை அதைவிட நுட்பமானது என்று இன்றைக்குத் தெரிகிறது.

நம் செல்லில் என்.ஆர்.எஃப். 2 என்று ஒரு புரதம் உண்டு. சாதாரணமாக அதை கீப் 1 என்ற இன்னொரு புரதம் பிடித்துவைத்து, அழித்துக்கொண்டே இருக்கும். கீப் 1ல் சில கந்தக முனைகள் இருக்கின்றன. லேசாக எரிச்சலூட்டும் ஒரு பொருள் வந்து அந்த முனையில் ஒட்டினால் பிடி தளரும். என்.ஆர்.எஃப். 2 விடுபட்டு உட்கருவுக்குள் போய், குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள் உட்படப் பல காவல் நொதிகளின் மரபணுக்களைத் திறந்துவிடும். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் யமமோட்டோவின் குழு இந்தப் பாதையைத் தெளிவாக்கியது. அதற்குச் சற்று முன்னால், 1992ல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலேயின் குழு இப்படிக் காவல் நொதிகளைத் தட்டியெழுப்பும் சல்ஃபோராஃபேனை ப்ரோக்கோலியிலிருந்து பிரித்தெடுத்தது. சல்ஃபோராஃபேனைச் சோதனைக்குழாயில் ராடிக்கலோடு விட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. செல்லுக்குள் அது ஒரு சின்னத் தொந்தரவு. அந்தத் தொந்தரவில் விழித்துக்கொண்ட உடம்பு தன் காவலைப் பல மணி நேரம் பலப்படுத்திக்கொள்கிறது. குர்குமினும் ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலமும் செல்களில் இதே பூட்டைத் திறக்கின்றன.

இப்படிப் பார்த்தால் ரத்தத்தில் ஒரு மைக்ரோமோலார் என்பது குறைவான அளவே இல்லை. கதவைத் தட்ட ஒரு விரல் போதும்.

மில்க் திஸில் என்ற முட்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விதையின் சிலிபினின், அமானிட்டா என்ற நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் ரத்தக் குழாய் வழியாகவே கொடுக்கப்படுகிறது. அது நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்தான். ஆனால் அங்கே முக்கியமாகச் செய்வது, காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைப்பது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று முத்திரை குத்தி நிறுத்தியிருந்தால் இந்த வேலையை யாரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நல்ல மூலிகையை எண்ணுக்குள் அடைத்துவிட்டால் அதன் மற்றத் திறமைகள் மறைந்துபோகும் என்பதுதான் என் கவலை.

நேரடியாக ராடிக்கலைப் பிடிக்கும் வேலைக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் உடம்புக்கு வெளியே. ரோஸ்மேரிச் சாறு எண்ணெய் கெடாமல் காக்கிறது. ஐரோப்பாவில் ஈ 392 என்ற எண்ணில் அது அங்கீகரிக்கப்பட்ட உணவுச் சேர்மானம். அங்கே அதன் அளவும் போதும், குறுக்கே கல்லீரலும் இல்லை.

கேள்வி: என் தங்கைக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. உடம்பு தேற மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். இயற்கைதானே, கெடுதல் வராது இல்லையா? (பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி)

பதில்: அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் அவரது மருத்துவரிடம் காட்டுங்கள்.

புற்றுநோய்க்கான சில மருந்துகளும் கதிர்வீச்சும் ராடிக்கல்களை உண்டாக்கித்தான் அந்த செல்லைக் கொல்கின்றன. அங்கே காவலாளியை அனுப்புவது யாருக்குக் காவல்? இன்னொன்று, நேரடி மோதலும் நடக்கும். போர்டெசோமிப் என்று ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கான மருந்து. அதில் போரான் அமிலப் பகுதி ஒன்று உண்டு. பச்சைத் தேயிலையின் முக்கியக் கேட்டகினான ஈ.ஜி.சி.ஜி. அந்தப் பகுதியைப் போய்ப் பற்றிக்கொண்டு மருந்தைச் செயலிழக்க வைக்கிறது என்று 2009ல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். நல்ல பொருள், நல்ல மருந்து. இரண்டும் சேர்ந்தால் மருந்து வீண்.

சிகிச்சையில் இல்லாதவர்களுக்கும் செறிவு மாத்திரை பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்த இன்னோர் ஆய்வை, நோய் 28 சதவீதம் கூடியதைக் கண்டு 1996ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கரோட்டின் நிறைந்த காய்கறி சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக இருந்ததால்தான் அந்த மாத்திரையையே முயன்றார்கள். காய்கறியில் இருந்தபோது இல்லாத குணம் மாத்திரையில் வந்துவிட்டது.

என் சொந்த அக்காவின் கதையையும் சொல்கிறேன். உடம்பு இளைக்க என்று பச்சைத் தேயிலைச் சாறு கேப்ஸ்யூலை, வெறும் வயிற்றில், இரண்டு மாதம் எடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, இயற்கைதானே என்று நினைத்துவிட்டார். அசதி, பசியின்மை, சிறுநீர் கடும் மஞ்சள். பரிசோதித்தால் கல்லீரல் நொதி பத்து மடங்கு. மருத்துவர் கேட்டபோதுகூட, “மருந்து எதுவும் சாப்பிடவில்லை” என்றுதான் சொன்னார். அவர் மனதில் அது மருந்தே இல்லை. நான் அலமாரியில் அந்தப் புட்டியைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நிறுத்திய ஏழாவது வாரம் எல்லாம் சரியானது. தேநீராகக் குடிக்கும் அளவைப் பற்றி நான் சொல்லவில்லை. ஈ.ஜி.சி.ஜி. மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எடுத்துச் சொன்னது. என் அக்கா எடுத்தது எவ்வளவு என்று அந்தப் புட்டியின் மேல் எழுதியிருக்கவே இல்லை.

உங்கள் தங்கைக்கு எது பிடிக்கிறது, எது இறங்குகிறது என்று கேட்டு அதைச் செய்து கொடுங்கள். மருத்துவமனையில் உணவு ஆலோசகர் இருந்தால் அவரிடமும் பேசுங்கள்.

கேள்வி: மஞ்சளோடு மிளகு சேர்த்தால் சத்து 20 மடங்கு ஏறுமாமே? (கல்லூரி மாணவி)

பதில்: அந்த எண்ணுக்கு ஆதாரம் 1998ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகவும், மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராமோடும் கொடுத்தார்கள். சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்தது 2,000 சதவீதம் கூடியது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் குர்குமின் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கிட்டத்தட்ட கண்டுபிடிக்கவே முடியாத அளவு. அதைப் பெருக்கினாலும் வருவது கொஞ்சம்தான். அதோடு, 2 கிராம் குர்குமின் என்பது சுமார் 60 கிராமுக்கும் மேற்பட்ட மஞ்சள் பொடி.

பைப்பரின் இதை எப்படிச் சாதிக்கிறது என்று பாருங்கள். கல்லீரலும் குடலும் அந்நியப் பொருளை வெளியேற்றும் வேலையைத்தான் அது மந்தப்படுத்துகிறது. வேறு மருந்து சாப்பிடுபவருக்கு அந்த மருந்தும் சேர்ந்து தேங்கலாம். மஞ்சள் மாத்திரைகளால், அதிலும் பைப்பரின் சேர்த்தவற்றால், கல்லீரல் பாதிப்பு வரக்கூடும் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் எச்சரித்தது. உணவில் இருக்கும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது.

கேள்வி: செடிகளில் இளந்தளிர் ஏன் சிவப்பாக இருக்கிறது? பெரிய இலையானதும் ஏன் பச்சையாகிறது? (ஏழாம் வகுப்பு மாணவன்)

பதில்: இந்த மாதத்தின் மிக நல்ல கேள்வி உன்னுடையதுதான் கண்ணா. செடியால் வெயிலை விட்டு ஓட முடியாது. வெயில் அதிகமாக அடித்து, அதை முழுவதும் பயன்படுத்த முடியாமல் போனால் இலைக்குள் கெடுதல் செய்யும் ஒரு வகை ஆக்சிஜனும் ராடிக்கல்களும் உண்டாகும். பெரிய இலைக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். தளிருக்கு இன்னும் அந்தப் பலம் வரவில்லை. அதனால் பல செடிகள் தளிருக்கு ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயத்தைப் போர்த்திவிடுகின்றன. அது குடை மாதிரி வெயிலைக் கொஞ்சம் தடுக்கும், உண்டாகும் ராடிக்கலையும் பிடிக்கும் என்று கருதுகிறார்கள். தளிரைத் தின்ன வரும் பூச்சியின் கண்ணிலிருந்து மறைக்கவும் அது உதவும் என்று சொல்பவர்களும் உண்டு. பலம் வந்ததும் குடை தேவைப்படாது, இலை பச்சையாகிவிடும். நாம் மூலிகை என்று தேடிப்போகும் பொருட்களில் நிறைய, செடி தனக்காகச் செய்துகொண்ட இந்த மாதிரிக் குடைகள்தான்.

நீயே ஒன்று செய்து பார்க்கலாம். சிவப்பாகத் தளிர் விடும் செடி ஒன்றைக் கண்டுபிடி. தளிர் மிகச் சிறியதாக இருக்கும்போதே அதன் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் லேசாக மூடி, நசுங்காமல் கிளிப் போடு. நான்கு நாள் கழித்து எடுத்து, இரண்டு பாதிகளின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்து எனக்கு அனுப்பு. எந்தச் செடி, எந்தத் திசையில் வெயில் விழுந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்பதையும் எழுது. எல்லாச் செடியும் ஒரே மாதிரி காட்டாது, மாறாமல் இருந்தாலும் அதையும் அப்படியே எழுது.